கடினமான பாடம் மாணவரின் ஊக்கத்தைக் கெடுக்குமா?

நாற்றங்காலைச் செவ்வனே தயாரிக்காமல், நடவு வயலில் மட்டும் எருவை மிகுதியாக இடுவதால் பயனில்லை என்பதை நெல் விளைவிப்போர் அனைவரும் அறிவர். கல்விக்கும் இவ்வுண்மை பொருந்தும். "ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு எளிய பாடமே போதும், கடினமான பாடத்தை வைத்தால் பள்ளியை விட்டே நின்றுவிடுவார்கள்" என்று கூறுவோர் எல்லா நாடுகளிலும் உளர். இக்கூற்று சரியன்று என்பதை அமெரிக்க நாட்டுப் பள்ளி ஒன்று மெய்ப்பித்துக் காட்டியது. அதன் வரலாறு பெற்றோர்களும் ஊராட்சி உறுப்பினர்களும் அறியத்தக்கதாகும்.

பள்ளியின் நிலை

கலிபோர்னியா மாநிலத்தில், கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் உள்ளது கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளி. மெக்சிகோ வழிவந்த உழைப்பாளர் குடும்பங்களின் பிள்ளைகளே அங்குப் பெரும்பாலும் பயின்றனர். 1970-களின் நடுவில் அப்பள்ளி தன் அங்கீகாரத்தையே இழக்கும் நிலையில் இருந்தது. 1974-ஆம் ஆண்டில் ஹைமே எஸ்கலான்டே என்பவர் அங்குக் கணித ஆசிரியராகச் சேர்ந்தார். அவர் 1930-இல் பொலிவியா நாட்டில் பிறந்து, அங்கே ஆசிரியராக விளங்கியவர். அமெரிக்காவில் குடியேறியபின் உணவு விடுதியில் வேலை செய்துகொண்டே ஆங்கிலம் கற்று, மீண்டும் பட்டம் பெற்று ஆசிரியரானார்.

உயர்ந்த இலக்கு

உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் கல்லூரித் தரப் பாடங்களைப் பயில்வதற்கென, 'அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்' என்னும் திட்டம் அந்நாட்டில் 1950-களில் தொடங்கப்பெற்றது. இதன் தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு மூன்றும் அதற்கு மேலும் பெறுவோரைத் தேறியவராகக் கொள்வர். இத்திட்டத்தின் நுண்கணித வகுப்பை எஸ்கலான்டே 1978-ஆம் ஆண்டில் தொடங்கினார். முதல் ஆண்டில் ஐந்து மாணவர்களே தேர்வு வரை நிலைத்தனர். அவருள் இருவரே தேறினர். எனினும் அவர் பாடத்தின் தரத்தைக் குறைக்கவில்லை. 1982-இல் பதினெண்மர் தேர்வெழுதினர்; அனைவரும் தேறினர். அவருள் பதினால்வரின் விடைகள் ஒத்திருப்பதாகத் தேர்வு நடத்திய அமைப்பு ஐயுற்றது. பன்னிருவர் மறுதேர்வெழுதி, அவ்வளவு பேரும் மீண்டும் தேறினர். 1987-இல் இரு நிலை நுண்கணிதத் தேர்வுகளிலும் சேர்த்துத் தேறியோர் தொகை 85 ஆயிற்று.

ஊக்கம் பிறந்த வகை

இவ்வெற்றி ஓராண்டில் விளைந்ததன்று. கடினமான பாடம் வைத்ததனால் மட்டும் விளைந்ததுமன்று. இதற்குரிய காரணங்கள் நான்கு.

முதலாவது, அடிப்படை. இயற்கணிதம், வடிவ கணிதம், முக்கோணவியல் ஆகியவற்றைப் படிப்படியாகக் கற்பிக்க வேறு ஆசிரியர்களும் துணை நின்றனர். ஹென்றி கிராடிலாஸ் என்னும் தலைமையாசிரியர் எளிய கணக்கு வகுப்புக்களைக் குறைத்து, இயற்கணிதம் பயில்வோரைப் பெருக்கினார்.

இரண்டாவது, நேரம். பள்ளி தொடங்குமுன்னும் முடிந்தபின்னும் பாடம் நடைபெற்றது. கோடை விடுமுறையில் அருகிலிருந்த கல்லூரியில் சிறப்பு வகுப்புக்கள் நடத்தப்பெற்றன. பின்தங்கிய மாணவர் விட்டதைப் பிடிக்க இவை வழி செய்தன.

மூன்றாவது, ஆசிரியரும் மாணவரும் ஒரே அணியாக நின்றமை. வினாத்தாளை அமைப்பவரும் மதிப்பிடுபவரும் வெளியார். ஆகவே ஆசிரியர் குறை காணும் நடுவராக இராமல், பந்தயத்துக்குப் பயிற்சி தருபவராக விளங்கினார். உள்ளத்து ஆர்வத்தைக் குறிக்கும் 'கானாஸ்' என்னும் ஸ்பானியச் சொல்லை அவர் அடிக்கடி வழங்குவார். வேண்டுவது அஃதொன்றே என்பார்.

நான்காவது, பெற்றோரின் ஒத்துழைப்பு. வீட்டுப் பாடத்துக்கும் கூடுதல் வகுப்புக்கும் மாணவர் மட்டுமின்றிப் பெற்றோரும் கையொப்பமிட்டு உறுதியளித்தனர்.

தம்மால் இயலும் என்று பிறர் நம்புவதைக் கண்ட மாணவர், தாமும் தம்மை நம்பத் தொடங்கினர். எளிய பாடம் தராத மதிப்பை அரிய பாடம் தந்தது.

நினைவிற் கொள்ளத்தக்கது

கிராடிலாஸ் 1987-இல் அப்பள்ளியை விட்டு அகன்றார். எஸ்கலான்டே 1991-இல் விலகினார். அதன் பின்னர்த் தேறுவோர் தொகை வெகுவாகக் குறைந்தது. கிணறு வெட்டியவர் ஊரை விட்டுப் போனபின் தூர் வாருவார் இல்லையேல் நீர் வற்றுவது இயல்பே. ஒருவருடைய முயற்சியால் தொடங்கிய நற்பணியை ஊரார் தம் பணியாக ஏற்றாலன்றி அது நிலைக்காது.

ஆகவே, பள்ளி மேலாண்மைக் குழுவில் அமர்ந்திருக்கும் ஊராட்சி உறுப்பினர்கள், "நம் பள்ளியில் எத்தனை பேர் தேறினர்?" என்று கேட்பதோடு அமையாது, "எவ்வளவு உயர்ந்த பாடத்தில் தேறினர்? கீழ் வகுப்பில் அதற்கு அடித்தளம் இட்டோமா? மாலையில் படிக்க இடமும் விளக்கும் தந்தோமா?" என்றும் கேட்டறிதல் வேண்டும். நாற்றைப் பேணுவோர்க்கே விளைச்சல் உரியது.