துரியோதனனுக்கும் அதே திரைதான்

சின்னசேலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “சண்டைப் படங்களில் வில்லனை முதலில் காட்டிவிட்டு ஹீரோவை ஏன் தாமதமாகக் கொண்டுவருகிறார்கள்?”

ஆபத்தின் அளவு தெரிந்தால்தான் வீரத்தின் அளவு தெரியும், அதனால்தான். 1977இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் டார்த் வேடர் முதல் சில நிமிடங்களிலேயே புகைக்குள்ளிருந்து நடந்து வந்துவிடுவார். நாயகன் லூக் பிறகுதான். ‘கேப்டன் பிரபாகரன்’ (1991) படத்திலும் வீரபத்திரனாக மன்சூர் அலிகான் காட்டை ஆட்டிப்படைப்பதைப் பார்த்த பிறகே விஜயகாந்த் வருவார்.

ஆனால் காக்கவைத்துக் காட்டும் இந்த வித்தையின் மூத்த வடிவம் நம் தெருக்கூத்தில் இருக்கிறது. கட்டியங்காரன் வந்து சபையைச் சிரிக்கவைத்துவிட்டுப் போனதும், இருவர் ஒரு துணியை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து நிற்பார்கள். பின்னால் துரியோதனன். கீழே சலங்கைக் கால், மேலே கிரீடத்தின் நுனி, நடுவில் குரல் மட்டும். அவன் திரை விருத்தம் பாடுவான். பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடுவார்கள். முகவீணை கூடவே இழையும். சின்ன வயதில் மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும்போது, தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தத் துண்டையே பார்த்து நிற்பேன். மறைப்பதுதான் கண்ணை இழுக்கும். திரையின் சூட்சுமமும் அதுதான். சினிமாவில் கார்க் கதவு திறந்து முதலில் ஷூ மட்டும் தரையில் இறங்குகிறதே, அது இந்தச் சலங்கைக் காலின் பேரப்பிள்ளை.

எனக்கு ஆச்சரியம் இன்னொன்று. அர்ச்சுனனுக்கும் கர்ணனுக்கும் பிடிக்கிற அதே திரையைத்தான் துரியோதனனுக்கும் பிடிக்கிறார்கள். மரக் கிரீடம், புஜக்கட்டை எதிலும் அவனுக்குக் குறைவில்லை. முகத்தில் சிவப்பு தூக்கலாக இருக்கும், அவ்வளவுதான். திரை விலகியதும் தன் குலத்தையும் கீர்த்தியையும் அவனே சொல்லிக்கொள்வான். சபை முதலில் பார்ப்பது ஒரு ராஜாவை. பாஞ்சாலியின் துகிலில் கை வைக்கச் சொல்லும்போதுதான் அவன் யாரென்று புரியும்.

சினிமா இவ்வளவு பொறுமை காப்பதில்லை. இருட்டு, அடிவயிற்றைக் கலக்கும் இசை, வெட்டருவாள்: முதல் காட்சியிலேயே தீர்ப்பு. காட்டைக் காட்டினால் கள்ளச்சாராயமோ துப்பாக்கியோ வரப்போகிறது என்று நாமும் பழகிவிட்டோம். கல்வராயன் மலையில் சாமையும் மரவள்ளியும் விளைவிக்கும் மலையாளிப் பழங்குடியினரையும் இந்தப் பழக்கத்தோடுதான் பலர் பார்க்கிறார்கள். படத்தின் சோம்பேறித்தனம் பார்வையாளனின் புத்தியில் இறங்குகிற விதம் இது.

திரௌபதி அம்மன் திருவிழாவில் பலர் கடைசி நாள் படுகளத்துக்கு மட்டும் வந்து, மண்ணால் செய்த துரியோதனனின் தொடையில் வீமன் அடிப்பதைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அவன் ராஜாவாக வந்து நின்றதைப் பார்க்காதவர்களுக்கு அந்த அடியின் கனம் தெரியாது. படம் எடுக்க ஆசைப்படும் பிள்ளைகள் ராத்திரி கூத்துக்கே வந்து, திரை பிடிக்கும் முன் இடம் பிடித்து உட்காரட்டும்.