இமயமலையில் பெங்களூர்க்காரர்கள்: 9 பேரைப் பலிகொண்ட பனிப்புயல்

பெங்களூரில் இருந்து நண்பர்களாகச் சேர்ந்து இமயமலைக்குப் புறப்பட்டார்கள். தோளில் மூட்டை, கையில் ஊன்றுகோல். சுமார் 10 நாள் பயணம். போன காரியம் முடிந்தது. பார்க்க நினைத்த ஏரியையும் பார்த்தார்கள். ஆனால் 9 பேர் வீடு திரும்பவில்லை.

இது நடந்தது 2024-ம் ஆண்டு ஜூன் 3-ந் தேதி. இடம், உத்தரகாண்ட் மாநிலத்தில் உத்தரகாசிக்கு மேலே உள்ள சகஸ்ர தால். சகஸ்ரம் என்றால் ஆயிரம். தால் என்றால் ஏரி. கடல் மட்டத்தில் இருந்து 4 ஆயிரம் மீட்டருக்கும் மேலான உயரத்தில், பனி முகடுகளுக்கு நடுவே கிடக்கும் ஏரிகள். பெங்களூரே 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர்தான். அதைப்போல 4 மடங்குக்கும் அதிகமான உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குழுவில் மொத்தம் 22 பேர். கர்நாடகத்தைச் சேர்ந்தவர்கள் 18 பேர். மராட்டியத்தைச் சேர்ந்தவர் ஒருவர். மற்ற 3 பேரும் அந்த ஊர் வழிகாட்டிகள். மே 29-ந் தேதி கிளம்பியவர்கள், சில்லா என்ற மலைக்கிராமத்தின் வழியாக நடந்து, ஒவ்வொரு இரவும் கூடாரம் அடித்துத் தங்கி மேலே போனார்கள். ஜூன் 7-ந் தேதி திரும்புவதாகத் திட்டம்.

விவரம் தெரியாத விடலைப் பையன்கள் யாரோ துடுக்காகப் போய் மாட்டிக்கொண்டார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். இறந்தவர்களில் இளையவருக்கு வயது 34. மூத்தவருக்கு 71. மலை ஏறிப் பழகியவர்கள் அவர்களில் உண்டு. கூடவே உள்ளூர் வழிகாட்டிகளும் இருந்தார்கள்.

கூடாரம் தூரத்தில்

பிறகு எப்படி நடந்தது?

இம்மாதிரிப் பயணங்களில் கடைசி ஏற்றத்துக்குப் போகும் நாளில் முழு மூட்டையையும் யாரும் தூக்கிச் செல்வதில்லை. கூடாரம், படுக்கைப் பை, அடுப்பு எல்லாம் கீழ் முகாமில் இருக்கும். தண்ணீரும் தின்பண்டமும் கொண்ட சிறிய பையோடு போய், மாலைக்குள் முகாமுக்குத் திரும்பிவிடலாம் என்பது கணக்கு. வானம் கைகொடுத்தால் கணக்கு சரியாக இருக்கும்.

அன்று வானம் கைவிட்டது. ஏரியைப் பார்த்துவிட்டு இறங்கும்போது பனி கொட்டத் தொடங்கியது. கூடவே பேய்க்காற்று. பக்கத்தில் நடப்பவரே கண்ணுக்குத் தெரியவில்லை. முகாம் போய்ச் சேர முடியாமல் மலைச்சரிவிலேயே சிக்கினார்கள். இருட்டியது. அன்று மாலையே சாவு தொடங்கிவிட்டது.

உதவி தேடி இறங்கியவர்கள் செல்போன் சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்த பிறகுதான் செய்தி வெளியே எட்டியது. அதற்குள் மறுநாள் ஆகிவிட்டது. ஜூன் 5-ந் தேதி விமானப்படை ஹெலிகாப்டர்கள் பறந்தன. மாநில மீட்புப் படையினர் நடந்தும் போனார்கள். கர்நாடக அரசின் சார்பில் மந்திரி கிருஷ்ண பைரே கவுடா டேராடூனுக்கு விரைந்தார். முதல் நாளில் 5 உடல்கள் கிடைத்தன. மீதி 4 உடல்களும் அடுத்த நாள் கொண்டுவரப்பட்டன. 13 பேர் உயிர் பிழைத்தார்கள்.

கீழே விழுந்தோ, பாறை உருண்டோ இவர்கள் சாகவில்லை. குளிர்தான் கொன்றது.

வெள்ளியங்கிரி போனவர்களுக்குத் தெரியும்

குளிர் எப்படிக் கொல்லும்? கோவை வெள்ளியங்கிரி மலைக்கு மூங்கில் தடியோடு போய் வந்தவர்களைக் கேளுங்கள். ஆறாவது மலையில் ஆண்டிச் சுனையில் குளித்துவிட்டு, ஈரத் துணியோடு ஏழாவது மலைக் காற்றில் நின்றவர்களுக்குப் பல் கிட்டிப்போகும். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துவிடும். ஈரத்தோடு காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். வெள்ளியங்கிரியைப்போல இரண்டு மடங்குக்கும் மேலான உயரத்தில், பனிக்கட்டியின் நடுவில், இரவு முழுவதும் அப்படி இருந்தால்?

நம் உடம்பின் சூடு 37 டிகிரி. அது 35 டிகிரிக்குக் கீழே போனால் ஆபத்து. முதலில் உடம்பு வெடவெட என்று நடுங்கும். விரல் மரத்துப்போய், சட்டைப் பொத்தானைக்கூடப் போட வராது. நாக்கு குழறும். கால் தடுமாறும். அதன்பிறகு நடுக்கம் நின்றுவிடும். 'அப்பாடா, குளிர் விட்டது' என்று கூட இருப்பவர்கள் நினைப்பார்கள். உண்மையில் அதுதான் மோசமான கட்டம். உடம்பு போராடுவதை நிறுத்திவிட்டது என்று பொருள். சிலர் அந்த நேரத்தில் 'எரிகிறது' என்று சொல்லி, போட்டிருக்கும் கம்பளியைக்கூடக் கழற்றி எறிவார்கள். புத்தி தடுமாறிவிடுவதால், தன் நிலைமை தனக்கே தெரியாது. பக்கத்தில் இருக்கும் நண்பன்தான் கவனிக்க வேண்டும்.

கவனித்தால் என்ன செய்வது? நடையை நிறுத்தி, காற்றுப் படாத மறைவுக்குக் கொண்டுபோக வேண்டும். ஈரத் துணியை எடுத்துவிட்டு, காய்ந்த துணியைச் சுற்ற வேண்டும். வெறும் தரையில் படுக்க வைக்கக்கூடாது. பையையாவது கீழே போட வேண்டும். நினைவு இருந்தால் சர்க்கரை போட்ட சூடான பானம் கொடுக்கலாம். கை, காலைத் தேய்க்கக்கூடாது. குளிருக்கு நல்லது என்று பிராந்தி கொடுப்பது பெரும் தவறு. உடம்பு சூடாவதுபோல் தோன்றும். உள்ளே இருக்கும் சூடு வெளியே ஓடிவிடும்.

ஜீன்ஸ், பருத்தி பனியன் ஆகியவை மலைக்கு ஆகாது. நனைந்தால் காய்வதில்லை. பழைய கம்பளி ஸ்வெட்டர் ஆயிரம் பங்கு மேல். அதை நனையவிடாமல் ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி, கடைசி ஏற்றத்துக்கும் கூடவே கொண்டுபோக வேண்டும்.

மெஜஸ்டிக்கில் வெள்ளிக்கிழமை இரவு

இமயமலைக்கு நாம் எங்கே போகப்போகிறோம் என்று சிலர் கேட்கலாம். வெள்ளிக்கிழமை இரவு மெஜஸ்டிக் பஸ் நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். குக்கே சுப்ரமணியா பஸ்சுக்கு முதுகுப் பையோடு காத்து நிற்கும் கூட்டத்தில் நம் பிள்ளைகளும் இருப்பார்கள். கம்பெனி வேலைக்காரர்கள், ஆபீஸ் குமாஸ்தாக்கள், அறையில் ஒன்றாகத் தங்கி இருக்கும் பையன்கள். போகும் இடம் குமார பர்வதம். 1,712 மீட்டர் உயரம். முன்பெல்லாம் ஒரு நாள் இரவு தங்கி ஏறியவர்கள் அதிகம்.

2024-ம் ஆண்டு குடியரசு தினத்தன்று அங்கே திருவிழாபோல் கூட்டம் சேர்ந்தது. அந்தக் காட்சியைப் பார்த்து நாடே திகைத்தது. அதன்பிறகு வனத்துறை மலையேற்றத்தைச் சில காலம் நிறுத்தியது. ஆன்லைனில் முன்பதிவு செய்தவர்களை மட்டும் அளவோடு விடுவது என்று ஏற்பாடு செய்தது. மழைக்காலத்தில் அனுமதி கிடையாது. சிலர் அதற்கும் குறுக்குவழி தேடுகிறார்கள் என்பதுதான் வேதனை. ஆடி மாதத்து மழையும் காற்றும் சேர்ந்து அடிக்கும்போது அந்தப் புல்மேட்டில் ஒதுங்க ஒரு மரம்கூட இல்லை.

போகிறவர்கள் ஒரு துண்டுச் சீட்டை வீட்டிலோ, அறையிலோ கொடுத்துவிட்டுப் போகட்டும். எத்தனை பேர், எந்த வழி, எந்த நாள் எத்தனை மணிக்குத் திரும்புவது, அந்த நேரம் தாண்டினால் எந்தப் போலீஸ் நிலையத்துக்கும் வனத்துறை ஆபீசுக்கும் போன் செய்வது என்று நம்பரோடு எழுதி இருந்தால் போதும்.