உளியும் எண்ணும்

மாணவர்களே! நைனார்பாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் போகிறவர்கள் அங்குள்ள மரச்சிற்பப் பட்டறை ஒன்றில் சற்று நின்று பாருங்கள். 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற கலை அது. சிற்பி மேலிருந்து மட்டும் செதுக்குவதில்லை. மரத்தைத் திருப்புகிறார், உளியைச் சாய்க்கிறார். சிலையின் முதுகுக்கும் விரலிடுக்குக்கும் உளி எட்ட வேண்டுமல்லவா?

இதே வேலையை ஓர் எந்திரம் செய்தால் எப்படியிருக்கும்? வெட்டுக்கருவி இடம்-வலமாக, முன்-பின்னாக, மேல்-கீழாக நகரும். இவை மூன்று அச்சுகள். இவற்றுடன் பொருளையோ கருவியையோ இரு வகையில் சுழற்றிச் சாய்த்தால் ஐந்து அச்சுகள் ஆகின்றன. எவ்வளவு நகர வேண்டும், எவ்வளவு சாய வேண்டும் என்பதைக் கணிப்பொறி எண்களாகச் சொல்லுகிறது. இதுவே சி.என்.சி. எந்திரம். எண்களுக்குக் கட்டுப்பட்டு வெட்டும் முதல் எந்திரத்தை 1952-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் இயக்கிக் காட்டினார்கள்.

இரும்பையே வெட்டும் எந்திரத்துக்குப் பிளாஸ்டிக் எம்மாத்திரம் என்று நினைக்கிறீர்களா? ஒரு சோதனை செய்யுங்கள். பெரியவர் ஒருவரின் துணையுடன், உடைந்த பிளாஸ்டிக் அளவுகோலை ரம்பத்தால் மெதுவாக அறுங்கள், தூள் உதிரும். வேகமாக அறுங்கள், தூள் இளகி ரம்பப் பற்களில் ஒட்டிக்கொள்ளும். காரணம் என்ன? உலோகத்தில் வெப்பம் விரைந்து பரவிவிடும். பிளாஸ்டிக்கில் அது வெட்டிய இடத்திலேயே தங்கிவிடும்.

வெப்பத்தால் பொருள் விரிவதும் உண்டு. 100 மி.மீ. நீளமுள்ள எஃகு 10 டிகிரி சூடேறினால் சுமார் 0.012 மி.மீ. நீளும். பாலிஎத்திலீன் ஏறத்தாழ 0.15 மி.மீ. நீளும். சூடாக இருக்கையில் சரியான அளவுக்கு வெட்டினால், ஆறியபின் சிறுத்துப்போகும்! இறுக்கிப் பிடித்தாலோ வடிவமே கோணும். ஆகவே கூரிய கருவியால், கொஞ்சம் கொஞ்சமாக, காற்றால் குளிர்வித்துக்கொண்டே வெட்டுவார்கள்.

இவ்வளவு தொல்லை எதற்கு, உருக்கி அச்சில் வார்த்துவிடலாமே என்பீர்கள். எல்லாப் பிளாஸ்டிக்கும் அதற்கு இணங்குவதில்லை. மீயுயர் மூலக்கூறு எடையுள்ள பாலிஎத்திலீனை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் மிக நீளமானவை. சூடாக்கினாலும் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதால் அது நீர்போல் ஓடாது. அழுத்திக் கட்டியாக்கி, பிறகு வெட்டித்தான் உருவாக்க வேண்டும்.

அந்தப் பிளாஸ்டிக்குக்கு மனித இதயத்திலேயே ஒரு வேலை கிடைத்தது. வாதக் காய்ச்சலால் பழுதடைந்த இதய வால்வுக்கு மாற்றாக, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் ஒரு செயற்கை வால்வை உருவாக்க முனைந்தார்கள். முதல் மாதிரிகள் தோற்றன. ஒன்றில் கூட்டின் பற்றவைப்பு முறிந்தது. மற்றொன்றில் செயற்கை நீலக்கல்லால் ஆன வட்டு விலங்குச் சோதனையில் உடைந்தது. இறுதியில் பற்றவைப்பே இல்லாமல், ஒரே உலோகக் கட்டியிலிருந்து கூட்டைக் குடைந்தெடுத்தார்கள். அதற்குள் சாய்ந்து சாய்ந்து மூடித் திறக்கும் வட்டுக்கு இந்தப் பிளாஸ்டிக்கைக் கடைந்து அமைத்தார்கள். 1990 டிசம்பர் 6-இல் அது முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

நிமிடத்துக்கு 72 துடிப்பென்றால், ஆண்டுக்கு ஏறக்குறைய 3 கோடியே 78 லட்சம் முறை அந்த வட்டு மூடித் திறக்க வேண்டும். ஒருமுறை சிக்கினாலும் உயிருக்கு ஆபத்து. கடினமான நீலக்கல் உடைந்த இடத்தில், மென்மையான பிளாஸ்டிக் தாக்குப்பிடித்தது! பொருளின் குணமறிந்து வெட்டுவதே தொழில்நுட்பம். மரத்தின் ரேகை பார்த்து உளி பிடிக்கும் சிற்பியைக் கேளுங்கள். அவரும் இதையேதான் சொல்வார்.