ஒரே கணினியில் இரண்டு இயங்குதளம்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. நெகிரி செம்பிலான் தோட்டப்புற வீடுகளில் பிள்ளைகளுக்கென்று வாங்கிய பழைய கணினி பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. அதற்காகத் தூக்கியா போடுவது? விண்டோஸை வைத்துக்கொண்டே, இலவசமாகக் கிடைக்கும் உபுண்டு லினக்ஸையும் பக்கத்தில் ஏற்றலாம். தமிழ்நாட்டு அரசு 2011-இல் மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு, சென்னையில் உருவான 'பாஸ்' லினக்ஸும் இருந்தது.

விண்டோஸ் இருக்கும் பகுதியைச் சுருக்கி 25 ஜிபிக்குக் குறையாமல் இடம் ஒதுக்க வேண்டும். பிறகு, கணினியைத் திறக்கும்போதெல்லாம் எது வேண்டும் என்று திரை கேட்கும். ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும். இணையம், வங்கி வேலைக்கு உபுண்டு. பழைய மென்பொருளுக்கு மட்டும் விண்டோஸ்.

உபுண்டுவை ஏற்றும்போது, வட்டை முழுதாக அழிக்கவா என்றும் ஒரு கேள்வி வரும். அவசரத்தில் அதை அழுத்தினால் பள்ளிப் பாடம், கல்யாணப் படம் எல்லாம் போய்விடும். முதலில் அவற்றை வெளிவட்டில் நகலெடுத்து வையுங்கள்.