சற்று ஓய்வெடுங்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்துப் படுத்தவரைப் பகல் 11 மணிக்கு வாட்ஸ்அப் ஒலி எழுப்பிவிடுகிறது. பதில் போடாவிட்டால் சூப்பர்வைசர் என்ன நினைப்பாரோ! உடல் கட்டிலில், மனமோ கம்பெனியில்.

வேலை நேரத்துக்குப்பின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை பிரான்சில் 2017 முதல் சட்டத்தில் உண்டு. நம் மக்களவையில் சுப்ரியா சுலே 2018இல் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை.

உண்ணவும் நேரமின்றி இருந்த திருத்தூதர்களை, ஓய்வெடுக்கத் தனிமையான இடத்துக்கு இயேசு அழைத்தார் (மாற்கு 6). கூட்டம் அங்கும் முந்திக்கொண்டது. ஆனாலும் அவர் அழைக்கத் தவறவில்லை.

மேலதிகாரியை மட்டும் குறைசொல்வானேன்? பங்குக் குழுவில் இரவு 11 மணிக்குத் திருப்பலி அறிவிப்பு அனுப்பியவர்கள் நாமே. இனி இரவு 9 மணிக்குமேல் அனுப்பமாட்டோம். நோயில்பூசுதலுக்கோ இறப்புச் செய்திக்கோ போனில் அழையுங்கள், எந்நேரமும் எடுப்போம்.