லிங்கன் குடியிருந்த வீடு
ஸ்பிரிங்ஃபீல்ட், இல்லினாய்

ஆபிரகாம் லிங்கனுக்கு வாழ்நாளில் சொந்தமாக இருந்த ஒரே வீடு இது. வழக்கறிஞராக இருந்தபோது 1844-இல் வாங்கினார். அன்று மேலே இருந்தது தாழ்ந்த கூரையுள்ள அரைமாடிதான். 1856-இல் முழு மாடியாக உயர்த்திக் கட்டினார்கள். நான்கு வயது நிரம்பாத மகன் எட்டி 1850-இல் இங்கேதான் இறந்தான்.

1860 மே மாதம், அதிபர் வேட்பாளராகத் தாம் தேர்வான செய்தியைக் கட்சிக் குழுவினரிடமிருந்து லிங்கன் முறைப்படி பெற்றது இந்த முன்கூடத்தில்தான். மாடிப்படியின் கைப்பிடி அவர் காலத்தது. தாராளமாகப் பிடித்து ஏறுங்கள்.

மகன் ராபர்ட் 1887-இல் வீட்டை மாநில அரசுக்குக் கொடுத்தபோது, பார்க்க வருவோரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று நிபந்தனை வைத்தார். இன்றும் கட்டணம் இல்லை. பூங்காத் துறை வழிகாட்டியுடன் மட்டுமே உள்ளே செல்லலாம். அனுமதிச் சீட்டைப் பார்வையாளர் மையத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.