உடைபடாத மிருகங்கள்

1530 அக்டோபர் 23. சுவிட்சர்லாந்தின் நொஷாட்டல் நகரத்து மக்கள் குன்றின் மேலிருந்த தங்கள் மாதா கோயிலுக்குள் திரண்டு புகுந்தார்கள். பீடங்களை இடித்தார்கள்; புனிதர்களின் சுரூபங்களை நொறுக்கினார்கள். கியோம் ஃபாரெல் என்ற சீர்திருத்தப் போதகரின் பிரசங்கம் மூட்டிய தீ அது. விக்கிரக வழிபாடு அன்றோடு ஒழிந்தது என்று கோயிலுக்குள்ளேயே எழுதியும் வைத்தார்கள்.

அந்தக் கோயில் இன்றும் நிற்கிறது. 12-ம் நூற்றாண்டின் கடைசியில் கட்டத் தொடங்கி, 1276-ல் அர்ச்சிக்கப்பட்டது. பக்கத்து ஊரான ஓத்ரீவில் வெட்டிய மஞ்சள் கல்தான் இதற்கும், பழைய நகரத்தின் பெரும்பாலான வீடுகளுக்கும். தெற்கு வாசலில் இராயப்பரும் (பேதுரு) சின்னப்பரும் (பவுல்) எப்படியோ தப்பி நிற்கிறார்கள். உள்ளே நொஷாட்டல் பிரபுக்களின் நினைவுச் சின்னம், 1372-ல் எழுப்பியது, வண்ணம் பூசிய 15 உருவங்களோடு பிழைத்திருக்கிறது. இவற்றோடு, யாரும் அதிகம் பேசாத இன்னொரு கூட்டமும் பிழைத்தது. தூண்களின் போதிகைகளில் கொடிக்கருக்குக்கு நடுவே செதுக்கப்பட்ட மிருகங்கள்தான் அவை.

இவை ஏன் தப்பின? யாரும் இவற்றின் முன் மெழுகுவத்தி ஏற்றவில்லை, நேர்ச்சை வைக்கவில்லை. கும்பிடாததன் மேல் கோபம் எதற்கு? இது என் கணிப்புதான். ஆனால் அந்தக் காலத்துக் கிறிஸ்தவர்களுக்கு இந்த மிருகங்கள் வெறும் அலங்காரமாக மட்டும் இருக்கவில்லை. அவற்றுக்கு ஒரு புத்தகமே இருந்தது.

அதைப் பார்க்க நொஷாட்டலிலிருந்து ரயிலேறி, ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய பெர்னுக்குப் போக வேண்டும். அங்குள்ள பூர்கர் நூலகத்தில் 318 என்ற எண்ணிட்ட தோல் சுவடி இருக்கிறது. 9-ம் நூற்றாண்டில் பிரான்சின் ரெய்ம்ஸ் வட்டாரத்தில் எழுதி, படம் வரைந்தது. ழாக் போங்கார் என்ற பிரெஞ்சு ராஜதந்திரியின் சேகரிப்போடு 1632-ல் பெர்னுக்கு வந்து சேர்ந்தது. அதிலுள்ள ‘ஃபிசியோலோகஸ்’ என்ற நூலின் மூலம் இன்னும் பழையது. கிறிஸ்தவத்தின் முதல் நூற்றாண்டுகளில் கிரேக்க மொழியில் எழுதியது. ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு குணம், அதற்கடுத்து ஒரு வேத விளக்கம். இந்த மரபில் படங்களோடு இன்று எஞ்சியுள்ளவற்றில் மிகப் பழைய சுவடிகளில் இதுவும் ஒன்று.

முதலில் சிங்கம். வேடனின் வாடை பட்டால் வாலால் தன் சுவட்டை அழித்துக்கொண்டே போகும். தூங்கும்போதும் கண் திறந்திருக்கும். பெண் சிங்கம் ஈனும் குட்டி செத்துப் பிறக்கும். மூன்றாம் நாள் தகப்பன் வந்து முகத்தில் ஊதினால் உயிர் வரும். மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தவரின் கதை தெரிந்தவனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

யானைக்கோ முழங்காலில் மூட்டே இல்லை என்கிறது நூல். மரத்தில் சாய்ந்துதான் தூங்கும். வேடன் மரத்தைப் பாதி அறுத்து வைத்தால் சாய்ந்தவுடன் விழும், எழ முடியாது. பெரிய யானை வந்து தூக்கப் பார்க்கும், முடியாது. பன்னிரண்டு யானைகள் வரும், அவற்றாலும் முடியாது. கடைசியில் ஒரு சின்ன யானை துதிக்கையைக் கீழே கொடுத்துத் தூக்கிவிடும். பெரியது மோசேயின் சட்டம், பன்னிரண்டும் தீர்க்கதரிசிகள், சின்னது கிறிஸ்து. பாகனுக்காக யானை மண்டியிடுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த முழங்கால் சங்கதி வேடிக்கையாகப்படும். ஆனால் விழுந்தவனைத் தூக்கத் தாழ்ந்து வந்தவரைச் சொல்ல இதைவிட நல்ல கதை கிடைப்பது கடினம்.

பீவர் என்ற நீர்வாழ் விலங்கைப் பற்றிப் படிக்கும்போது வள்ளுவரின் கவரிமா நினைவுக்கு வராமல் போகாது. மருந்துக்காக வேடன் தேடி வருவது தன் விதைப்பையை என்று பீவருக்குத் தெரியும். தானே கடித்து அவன் முன் எறிந்துவிட்டு உயிர் தப்பும். பாவத்தை வெட்டிச் சாத்தானின் முகத்தில் எறி என்பது பாடம். உயிர் பிழைக்க உறுப்பை விடுகிறது அது. மானம் காக்க உயிரையே விடுகிறது கவரிமா. இரண்டு இடத்திலும் அறத்தைச் சொல்ல வந்தவை விலங்குகள்தான்.

இதற்காக ஒவ்வொரு கல் மிருகத்துக்கும் அகராதி போல ஒரு பொருள் ஒட்டுவது தவறு. கிறிஸ்துவைக் குறித்த அதே சிங்கத்தை, கெர்ச்சித்துக்கொண்டு இரை தேடும் பிசாசுக்கும் உவமையாக வைக்கிறது பைபிள். ஏறத்தாழ 1125-ல் க்ளேர்வோ மடாதிபதி பெர்னார்து, மடங்களின் தூண்களில் குரங்குக்கும் சிங்கத்துக்கும் பாதி மனித உருவங்களுக்கும் என்ன வேலை என்று கடிந்து எழுதினார். துறவிகள் வேதத்தை விட்டுவிட்டுக் கல்லைப் படிக்கிறார்களே என்பது அவர் வருத்தம். ஆகும் செலவும் அவரை உறுத்தியது. அவ்வளவு படித்தவருக்கே புலப்படாத பொருளை எல்லாச் சிற்பங்களிலும் நாம் தோண்டி எடுத்துவிட முடியாது. சில மிருகங்களைச் சிற்பி செதுக்கும் சந்தோஷத்துக்காகவே செதுக்கியிருப்பான்.

இந்த விலங்குகளில் சில நம் பக்கத்திலிருந்து போனவை. 500 ஆண்டுக்கு ஒருமுறை எரிந்து, மூன்றாம் நாள் எழும் ஃபீனிக்ஸ் பறவை வாழ்வது இந்தியாவில் என்கிறது ஃபிசியோலோகஸ். புறாக்கள் அடையும் மரமொன்றும் இந்தியாவில்தான் இருக்கிறதாம். அதன் நிழலுக்கே நாகம் அஞ்சுமாம். வடக்கே பாசல் பேராலயத்தில், பீடத்துக்குப் பின்புறச் சன்னலின் தூண்களை யானைகள் சுமக்கின்றன. உயிருள்ள யானை ஐரோப்பாவில் அபூர்வக் காட்சியாக இருந்த காலத்தில், ஏட்டையும் கேள்வியையும் நம்பிச் செதுக்கியவை.

நொஷாட்டலில் புரியாததைப் பெர்னில் தேடலாம். அந்தச் சுவடி முழுவதையும் இணையத்தில் இலவசமாகவே புரட்டலாம். நமக்கு அப்படி ஒரே நூலாக எதுவும் கையில் இல்லை. இசைக்கு மயங்கும் அசுணம், துணை பிரியாத அன்றில், நீரிலிருந்து பாலைப் பிரிக்கும் அன்னம் எல்லாம் பாட்டுகளிலும் உரைகளிலும் சிதறிக் கிடக்கின்றன. தாராசுரத்தில் காளையும் யானையும் ஒரே தலையைப் பகிர்ந்து நிற்கின்றன. வருகிறவர்கள் படமெடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். யாளி வரியைப் பற்றியும் போதிகைகளைப் பற்றியும் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த பேச்சு ஸ்தபதி குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. கோயில் கோயிலாகப் போய், அவர்களிடம் உட்கார்ந்து கேட்டு, படத்தோடு எழுதி வைக்கும் வேலையை யாராவது தொடங்க வேண்டும்.